எலுமிச்சம்பழம் சுண்ணாம்பு மாதிரி வருகிறது – எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் பிடிப்பது எப்படி?

கத்தரிப்பூ (மதுரை)

வணக்கம். ஆயில் பெயின்டிங்கில் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் வாட்டர் கலர்தான். இப்போது மூன்று வாரமாக ஒரே ஸ்டில் லைஃபோடு (பொருள்களை மேசையில் வைத்துப் பார்த்து வரைகிற படம்) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்: ஆச்சியுடைய பித்தளைச் செம்பு ஒன்று, மூன்று எலுமிச்சம்பழம், கீழே நீலக்கட்டம் போட்ட லுங்கித் துணி. அவ்வளவுதான். வரைதல் தப்பில்லை, செம்பு செம்பாகவே இருக்கிறது. ஆனால் வெளிச்சம் இல்லை. எலுமிச்சையில் வெளிச்சம் படுகிற இடத்தில் வெள்ளை சேர்க்கச் சேர்க்கச் சுண்ணாம்பு பூசிய உருண்டை மாதிரி ஆகிறது, நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் பழம் பாசி பிடித்த மாதிரி பச்சையாகிறது. செம்பு கேட்கவே வேண்டாம், மஞ்சள் பெயின்ட் அடித்த பானை.

இன்னொன்று. வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் ஓவியனுக்கு உத்தமம், அதில் நேர் வெயில் வராது, நாள் முழுக்க மாறாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நம்பி வடக்கு ஜன்னல் ஓரமாகத்தான் மேசை போட்டேன். காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே வந்து செம்பின் மேலேயே விழுகிறது! நான் திசையைத் தப்பாகப் பார்க்கிறேனா?

எதுக்குவம்பு

போனில் போட்டோ எடுத்து, அதைப் பெரிசாக்கி, அப்படியே வரைந்துவிடுங்கள். மூன்று வாரம் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தால் ஊறுகாய்தான் மிச்சம்.

பழையதூரிகை

வம்பு தம்பி சொல்வதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கத்தரிப்பூவுக்கு.

நான் சினிமா பேனர் கம்பெனியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பைத் தின்றபிறகுதான் சின்னக் கேன்வாஸில் எனக்காக வரைய ஆரம்பித்தேன். பவுடர் கலரை லின்சீடு ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) நாங்களே குழைப்போம். அங்கே எங்கள் மாஸ்டர் முதல் வருஷம் என்னை வெள்ளை டப்பாவைத் தொடவே விடவில்லை. முகத்தில் நிழல் பக்கத்துக்குப் பச்சையும் நீலமும் அடிக்கச் சொல்வார். கிட்டே நின்றால் பேய் மாதிரி இருக்கும், தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் கன்னத்தில் விளக்கு போட்டது மாதிரி ஒளி அடிக்கும். வெளிச்சத்தை அவர் வெளிச்சத்தில் வரையவே இல்லை, பக்கத்தில் இருந்த இருட்டில்தான் வரைந்தார். இது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது.

உன் சிக்கல் என்னவென்றால், "வெளிச்சம் என்றால் வெள்ளை, நிழல் என்றால் கறுப்பு" என்று கை பழகிவிட்டது. வாட்டர் கலரில் காகிதம் வெள்ளை, அதை விட்டுவிட்டால் வெளிச்சம். ஆயிலில் டைட்டேனியம் ஒயிட் என்பது குளிர்ச்சியான, மூடுகிற நிறம். அதை லெமன் எல்லோவில் கலந்தால் நிறம் வெளுக்கும், ஒளி கூடாது. மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பச்சை வரும், அது பெயின்டின் குணம், உன் தப்பில்லை. பழத்தின் நிழல் பக்கத்துக்கு எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), கொஞ்சம் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), துளி ஊதா போட்டுப் பார். பழத்தின் வெளிச்சப் பக்கத்தில் வெள்ளையே இல்லாத சுத்த மஞ்சள். கடைசியில் அந்த ஒரு மினுக்குக்கு மட்டும், அரிசி அளவு, வெள்ளை.

இப்போது முக்கியமான விஷயம். அந்த மினுக்கு என்ன நிறம் என்று உற்றுப் பார்த்தாயா? எலுமிச்சைத் தோலில் தெரிகிற மினுக்கு மஞ்சளாக இருக்காது. அது ஜன்னலின் நிறம், அதாவது வானத்தின் நிறம், லேசான நீலம் ஓடிய வெள்ளை. செம்பில் தெரிகிற மினுக்கு அப்படி இல்லை. உலோகம் தன் மேல் விழுகிற எல்லாவற்றையும் தன் நிறத்தில் தோய்த்துத்தான் திருப்பித் தரும், அதனால் அதே ஜன்னல் செம்பில் மஞ்சள் கலந்து தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகப் போட்டால், பார்க்கிறவனுக்கு எது பழம் எது பித்தளை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், செம்பு முழுக்க மஞ்சள் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார். பாதிக்கு மேல் காப்பி நிறம், கரும்பச்சை, ஒரு ஓரத்தில் துணியின் நீலம், வயிற்றில் எலுமிச்சை வளைந்து விழுந்த ஒரு கீற்று, உன் சட்டை, வளைந்த ஜன்னல். மஞ்சள் என்று சொல்லத்தக்க இடம் கால்வாசிகூட இருக்காது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் ரவி வர்மா படங்களைக் கிட்டே போய்ப் பார். அந்தச் சரிகையெல்லாம் தங்கம் இல்லை, மங்கின பழுப்புக் கோட்டின் மேல் அங்கங்கே ஒரு பொட்டு வெளிர்மஞ்சள். தஞ்சாவூர் ஓவியக்காரர் நிஜத் தங்கத் தாளையே ஒட்டிவிடுவார், அது வேறு நியாயம். ஆயில்காரன் தங்கத்தை அழுக்கில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

பனையும்_பனியும் (டொராண்டோ)

ஓம், பழையதூரிகை அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. வடக்கு ஜன்னல் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தேன், இப்ப இருபது வருசமாய் இங்கே.

கத்தரிப்பூ, நீங்கள் திசையைப் பிழையாகப் பார்க்கவில்லை. அந்த வடக்கு ஜன்னல் விதி பாரிசுக்கும் லண்டனுக்கும் எழுதினது. அங்கே மத்தியானச் சூரியன் வருசம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். டொராண்டோவும் அப்படித்தான். என்ர வடக்கு ஜன்னலில் கோடையில் விடியவும் பொழுதுபடவும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மற்றபடி ஒரு துண்டு வெயில் விழாது. மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சரேகையில் இருக்கு. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, அதுக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி மட்டும் மத்தியானத்தில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். உதிக்கிறதும் கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான். அதனால் இந்த மாசங்களில் உங்களுக்குத் தெற்கு ஜன்னல்தான் "வடக்கு ஜன்னல்". கார்த்திகை, மார்கழியில் திரும்ப வடக்குக்கு மாறுங்கோ.

நான் இங்கே வந்த புதிதில் இதுக்கு எதிர்மாறாகக் குழம்பினேன். மார்கழியில் பின்னேரம் நாலே முக்காலுக்குள் சூரியன் விழுந்திடும், நடுப்பகலிலேயே நிழல் மனிசனை விட நீளம். ஊரில் நான் கண்ட நிழல் எல்லாம் காலடிக்குள் சுருண்டு கிடந்த நிழல். பனந்தோப்பை நினைவில் இருந்து வரைந்தால் நிழல் எப்பவும் கனடா நிழலாகவே நீளும், மனிசி பார்த்துவிட்டு "இது எந்த ஊர்ப் பனை?" எண்டு கேட்டாள்.

கத்தரிப்பூ (மதுரை)

தெற்கு ஜன்னலா! எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லையே. ரொம்ப நன்றி அண்ணா. தெற்கில் எங்களுக்குச் சமையலறைதான் இருக்கிறது, அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன்.

வெயில்காரி (புதுக்கோட்டை)

ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு வெளியே வாங்க. :)

சும்மா சொல்லவில்லை. நான் ஆறு வருடமாக வெளியில் நின்றுதான் வரைகிறேன், கண்மாய்க்கரை, வயல், குவாரிப் பள்ளம். உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொண்ட வெளிச்சம் வெளியே வந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. புத்தகத்தில் "வெளிச்சம் சூடு, நிழல் குளிர்ச்சி, ஆகவே நிழலுக்கு நீலம்" என்று போட்டிருக்கும். நம் செம்மண்ணில் பதினொரு மணி வெயிலில் ஓட்டு வீட்டு இறவாணத்துக்கு அடியில் பாருங்கள், அந்த நிழல் ஆரஞ்சு! தரையில் பட்ட வெயில் மண்ணின் நிறத்தோடு மேலே எகிறி இறவாணத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. அதே நேரத்தில் தரையில் விழுந்த நிழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஊதாவாக இருக்கும். ஒரே வீடு, ஒரே நிமிடம், இரண்டு நிழல், இரண்டு நிறம்.

தென்னை ஓலையைப் பச்சை என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் ஓலையின் மேல்பக்கம் வானத்தைத் திருப்பி அடித்து வெள்ளி மாதிரி இருக்கும். அதே ஓலையைக் கீழே நின்று, சூரியனை எதிரே வைத்துப் பார்த்தால் மஞ்சள், ஏனென்றால் வெயில் அதற்குள் புகுந்து வருகிறது. நாற்றங்காலும் அப்படித்தான். கடையில் ட்யூபில் விற்கிற பச்சையை நான் வாங்குவதையே நிறுத்திவிட்டேன், அதைத் தொட்டால் ஊரே பிளாஸ்டிக் புல் ஆகிவிடுகிறது. மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் சிவப்பு, இதிலேயே வேண்டிய பச்சை எல்லாம் வரும்.

நேரம் விஷயத்தில் மட்டும் பழைய ஆட்கள் சொன்னது சரி. வாலன்சியேன் என்கிற பிரெஞ்சு ஓவியர் 1800 வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்: இயற்கையைப் பார்த்து வரைகிற படம் எதற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதே, சூரிய உதயம், அஸ்தமனம் என்றால் அரை மணி நேரம்தான் என்று. நம் ஊரில் அதுவே அதிகம். விடிந்து பத்து நிமிடத்தில் கண்மாய் தண்ணீர் ரோஸிலிருந்து தகரம் ஆகிவிடும். நான் வைத்திருக்கும் பலகை எட்டங்குலத்துக்குப் பத்தங்குலம், அதற்கு மேல் பெரிசு என்றால் வெளிச்சம் போய்விடும், அப்புறம் நாம் வரைவது ஞாபகம்தான்.

பழையதூரிகை

>> வெளிச்சம் போய்விடும், அப்புறம் நாம் வரைவது ஞாபகம்தான்

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன் வெயில்காரி. ஞாபகத்தில் வரைவதில் என்ன குற்றம்? பிரெஞ்சு ஓவியர் மோனே, ரூவான் நகரத்துக் கதீட்ரலை (பெரிய தேவாலயம்) 1892, 93 இரண்டு வருஷமும் எதிரே அறை எடுத்து உட்கார்ந்து வரைந்தார். வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றினார். ஒன்றா இரண்டா, முப்பது படம் வரும். ஆனால் அதில் பெரும்பாலானவற்றை முடித்தது ஜிவர்னி வீட்டு ஸ்டுடியோவில், கதீட்ரல் கண்ணில் படாத தூரத்தில். படங்களில் 1894 என்றுதான் போட்டார். வெளியில் நின்று வரைவதற்கே பேர் போன மனுஷன் அவர்.

வெயில்காரி (புதுக்கோட்டை)

அவர் இரண்டு வருடம் எதிரே உட்கார்ந்த பிறகு ஞாபகத்தில் வரைந்தார். நாம் இரண்டு மணி நேரம் உட்காராமலே ஞாபகத்தில் வரைகிறோம். வித்தியாசம் இருக்கிறது சார். கான்ஸ்டபிள் என்கிற ஆங்கிலேய ஓவியர் 1821, 22இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வெறும் மேகமாக வரைந்து தள்ளினார், படத்தின் பின்னால் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் அடித்தது எல்லாம் எழுதி வைத்தார். அவருடைய பெரிய படங்கள் ஸ்டுடியோவில் செய்தவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வானம் கையில் ஏறியது மேட்டில்.

எதுக்குவம்பு

இவ்வளவு பேசுகிறீர்களே, போட்டோ எடுத்தால் என்ன என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையதூரிகை

வந்துவிட்டேன் தம்பி. பேனர் முழுக்க போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தோம், கட்டம் போட்டு, ஸ்டில்லைப் பெரிசாக்கி. போட்டோவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இப்போது இருக்கிற போன் உன் கண்ணுக்குப் பதிலாக முடிவு எடுக்கிறது. இருட்டை அதுவே தூக்கிவிடும், வெளிச்சத்தை அதுவே அமுக்கிவிடும், எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடும். நிழலுக்குள் எதை இழக்க வேண்டும் என்பதுதான் ஓவியன் வேலையே. அதைப் போன் செய்துவிட்டால் உனக்கு மிச்சம் கலர் அடிக்கிற வேலைதான்.

ஒரே ஒரு விஷயத்துக்குப் போன் நல்லது. உன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார். இருட்டும் வெளிச்சமும் எங்கே குழம்பியிருக்கிறது என்று உடனே தெரியும்.

கத்தரிப்பூ (மதுரை)

செய்து பார்த்தேன். அவமானம். செம்பும் பழமும் துணியும் ஒரே சாம்பல், மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரிகிறது.

சும்மா இருக்க முடியாமல் மோனேயின் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தையும் அதே மாதிரி கறுப்பு வெள்ளையாக்கினேன். அந்த ஆரஞ்சுச் சூரியன் காணாமலே போய்விட்டது! வானத்தோடு கலந்துவிட்டது. பின்னே எப்படி அந்தச் சூரியன் அப்படித் துடிக்கிறது?

பனையும்_பனியும் (டொராண்டோ)

அதுதான் அந்தப் படத்தின்ர சூட்சுமம். 1872இல் பிரான்சில் லே ஹாவ்ர் துறைமுகத்தில் வரைந்தது. சூரியனும் சுற்றி இருக்கிற மூட்டமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு, நிறத்தில் மட்டும்தான் வேறுபாடு. ஹார்வர்டில் மார்கரெட் லிவிங்ஸ்டன் எண்ட நரம்பியல் அறிஞர் இதை விளக்கியிருக்கிறார்: நிறத்தைப் பார்க்கிற மூளைப் பகுதிக்குச் சூரியன் தெரியும், இருட்டு வெளிச்சத்தை வைத்து இடத்தையும் அசைவையும் கணிக்கிற பகுதிக்கு அது தெரியாது. ரெண்டும் ஒத்துப்போகாததால்தான் சூரியன் ஓர் இடத்தில் நிற்காமல் துடிக்கிற மாதிரி இருக்கு.

வெள்ளைப் பெயின்டால் சூரியனை ஒருநாளும் எட்ட முடியாது எண்டு மோனேக்குத் தெரிஞ்சிருக்கு. அதால அந்தப் போட்டியிலேயே அவர் இறங்கவில்லை.

வெயில்காரி (புதுக்கோட்டை)

மூட்டம் போட்ட துறைமுகத்துக்கு அது சரி. புதுக்கோட்டையில் அப்படி ஒரு சூரியன் வருடத்தில் நாலு நாள் வந்தால் பெரிது. நம் வெயிலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, வானத்தை நாம் நினைப்பதைவிட ஒரு படி இருட்டாக்குவது. அப்போதுதான் வெயில் பட்ட சுவர் எரியும். ஆரம்பத்தில் நான் வானத்தையும் வெள்ளையாக்கி, சுவரையும் வெள்ளையாக்கி, இரண்டும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஸ்பெயினின் சொரோல்யா படங்களைத் தேடிப் பாருங்கள், வலென்சியா கடற்கரையில் வெயிலில் நிற்கிற வெள்ளைத் துணியில் எத்தனை இடத்தில் சுத்த வெள்ளை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊதா, மஞ்சள், ரோஸ்தான் இருக்கும்.

பழையதூரிகை

கத்தரிப்பூ, உனக்கு வீட்டுப்பாடம். அந்தப் படத்தை ஓரமாகச் சுவர் பக்கம் திருப்பி வை. புதுக் கேன்வாஸ். வெள்ளைக் கேன்வாஸில் ஆரம்பிக்காதே, அந்த வெள்ளை உன்னை ஏமாற்றும், அதன் பக்கத்தில் எதை வைத்தாலும் இருட்டாகத்தான் தெரியும். பர்ன்ட் அம்பரை டர்ப்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து முழுக்கத் தேய்த்துவிடு (ஜன்னலைத் திறந்து வை, அந்த வாடை தலைவலி தரும்). ஈரமாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, வெளிச்சம் பட்ட இடத்தை மட்டும் துடைத்து எடு. அம்பர் சீக்கிரம் காயும், மறுநாளே மேலே போகலாம். நிறமே இல்லாமல் அந்தத் துடைத்த படத்திலேயே செம்பு உருண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நிறம் போட்டும் நிற்காது.

மேல் அடுக்குகளுக்குத்தான் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். கீழே எண்ணெய் அதிகம், மேலே குறைவு என்றால் பின்னால் வெடிக்கும், ஏனென்றால் ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் இருக்கிற ஆக்சிஜனைக் குடித்து இறுகுகிறது. மேல்தோல் முந்திக்கொண்டு, அடி இன்னும் அசைந்துகொண்டிருந்தால் தோல் கிழியும்.

செம்பு ரொம்பப் படுத்தினால் மொராண்டியின் வழி ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பொலோனாவில் ஒரே அறையில் படுக்கையும் ஸ்டுடியோவுமாக வாழ்ந்த மனுஷன், ஆயுசு முழுக்கப் பாட்டிலும் குவளையுமாக வரைந்தார். பளபளப்பு தொல்லை தாங்காமல் பாட்டில்களின் மேலேயே மங்கலான பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டார், மேலே தூசி படிந்தாலும் தட்டமாட்டார். உன் ஆச்சி செம்பில் பெயின்ட் அடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அடிக்காதே.

கத்தரிப்பூ (மதுரை)

(மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், இடையில் வரமுடியவில்லை. சமையலறை ஜன்னல் கிடைத்தது, ஆனால் காலை ஒன்பதரைக்கு மேல்தான், அதுவும் அம்மா குக்கரை இறக்கின பிறகு. குக்கர் ஆவி வந்தால் செம்பின் மேல் பனி படிந்து ஐந்து நிமிடத்துக்கு மொராண்டி ஆகிவிடுகிறது.

துணியால் துடைத்து எடுக்கிற படம் நான்கு செய்தேன். முதல் மூன்றும் குப்பை. நான்காவதில் செம்பின் வலது பக்கத்தை இருட்டில் அப்படியே விட்டுவிட்டேன், விளிம்பே போடவில்லை. என்னை அறியாமல் விட்டதுதான், துடைக்க மறந்துவிட்டேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அந்தப் போடாத விளிம்பு தெரிகிறது! அதன் மேல் நிறம் போட்டேன். எலுமிச்சையில் வெள்ளையைத் தொடவே இல்லை, நீங்கள் சொன்ன அந்த அரிசிப் பொட்டுக்கு மட்டும் வெள்ளையில் ஊசிமுனை அல்ட்ராமரைன். வைத்த உடனே பழத்துக்குத் தோல் வந்துவிட்டது, நானே ஒரு நிமிடம் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

துணிதான் சொதப்பல். நீலக்கட்டத்தை ஒவ்வொன்றாக வரைந்து, நிழலிலும் அதே நீலம், வெளிச்சத்திலும் அதே நீலம், இப்போது செம்பு ஒரு கணக்கு நோட்டின் மேல் நிற்கிறது. இன்னொரு சந்தேகம்: காய்ந்த பிறகு இருட்டுப் பகுதி எல்லாம் பொலிவு போய்ச் சாம்பல் பூத்திருக்கிறதே, பெயின்ட் மட்டமா?

வெயில்காரி (புதுக்கோட்டை)

பெயின்ட் மட்டம் இல்லை, அடி அடுக்கு எண்ணெயை உறிஞ்சிவிட்டது. தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், லின்சீடு ஆயிலில் கொஞ்சம் டர்ப்பன்டைன் கலந்து மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இருட்டு திரும்ப வரும். துடைக்க மறந்தால் பிசுக்கு நிற்கும், பின்னால் மஞ்சளாகும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், விரித்துக் காயவையுங்கள், லின்சீடு ஆயில் துணி தானே சூடாகித் தீப்பிடிக்கும்.

கட்டத்துக்கு: முதலில் துணியைக் கட்டமே இல்லாத துணியாக வரையுங்கள், மடிப்பும் நிழலும் மட்டும். அப்புறம் கட்டம் மடிப்போடு ஏறி இறங்கட்டும், நிழலுக்குள் போனதும் பாதிக் கோடு தொலைந்து போகட்டும்.

பனையும்_பனியும் (டொராண்டோ)

அந்த மறந்துபோன விளிம்பைத் திரும்பப் போட்டுவிடாதேங்கோ. நல்ல வடிவான விசயம், தற்செயலாய் வந்தாலும்.

கத்தரிப்பூ (மதுரை)

போட மாட்டேன் அண்ணா. போட நினைத்தாலும் முடியாது, செம்பு ஊருக்குப் போய்விட்டது, சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு ஆச்சி எடுத்துப் போய்விட்டார்கள். எலுமிச்சை ரசமாகிவிட்டது. இருப்பது எவர்சில்வர் குடம் ஒன்றுதான், நாளைக்கு அதை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பழையதூரிகை

எவர்சில்வரா? அதற்குச் சொந்த நிறமே கிடையாது. முதலில் சொல், நாளைக்கு என்ன கலர் சட்டை போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்காரப் போகிறாய்?